ஈரச் சுவரில் தட்டிய சத்தம்

தட்டிப் பார்த்த அன்று நான் இருந்தேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண் ஒருத்தி, கறுப்புப் பெட்டியோடு இருந்தாள். வேறு யாருமில்லை. நடுவில் மண்சுவர்.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் செடெனாக்கில், எங்கள் வீட்டின் பின்பக்கம் அந்தச் சுவர். நான் கட்டியது. தொற்றுநோய்க்காக நடமாட்டக் கட்டுப்பாடு போட்ட வருடம் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. படுக்கத் தனி அறை வேண்டும். கடைகள் மூடியிருந்தன, சிமெண்டு இல்லை. இரண்டு பலகையை நிறுத்தி, நடுவில் செம்மண்ணைக் கொட்டி இடித்தேன். சூடு இறங்கக் கூடாதென்று ஒரு முழம் கனம் வைத்தேன். அந்தப் பக்கம் அவள் கட்டில். இந்தப் பக்கம் என் நாற்காலி.

அவளுக்கு இடது கை மட்டும் வரும். எவர்சில்வர் குவளையால் சுவரில் தட்டுவாள். நான் போவேன்.

அந்த மாதம் மழை விடவில்லை. சுவர் தண்ணீர் குடித்துக் கறுத்துப் போயிருந்தது. ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தபோது அவளுக்கு உயிர் இல்லை. குவளை கையில் இருந்தது. அதன் விளிம்பில் ஈர மண்.

எல்லை மூடியிருந்தது, மகளால் வர முடியவில்லை. போனில் ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா தட்டலையாப்பா?"

"கேக்கலம்மா."

மண் ஒட்டியிருந்ததை நான் சொல்லவில்லை.

குவளையைக் கழுவி அந்தச் சுவரிலேயே ஆணியடித்து மாட்டினேன். வெயில் நாளில் பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போனால் அது டிக் டிக் என்று தட்டும். நான் எழுந்துவிடுவேன். போய்க் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். மழை நாளில் அதே ரயில் போகும். குவளை பேசாது. ஈரத்தில் சுவர் ஊமை என்று வைத்துக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் இருந்தேன்.

பிறகு இந்தப் பெண் வந்தாள். மண்சுவர் எப்படி அதிர்கிறது என்று பார்க்கிற படிப்பாம். கறுப்புப் பெட்டியிலிருந்து பொத்தான் போல ஒன்றை எடுத்துச் சுவரில் ஒட்டுவாள், ரப்பர் சுத்தியால் தட்டுவாள், அன்றைய சூட்டையும் ஈரத்தையும் எழுதிக்கொள்வாள்.

"காஞ்சா சுவரு இறுகிடும் அங்கிள், அதிர்வு வேகமா ஓடும். ஈரம் ஏறினா தளந்துடும். தட்டுறத உள்ளேயே முழுங்கிக்கும்."

"அப்ப ஈரத்துல தட்டுனா இந்தப் பக்கம் கேக்காதா?"

"கொறையும். கேக்குமா கேக்காதான்னு என் மெஷின் சொல்லாது. காதுதான் சொல்லணும்."

மழை பிடிக்கும்வரை காத்திருந்தோம். ஒரு வாரம் ஊற்றிய பிறகு மகளைக் கூப்பிட்டேன். லீவு போட்டு வந்தாள்.

"எல்லாரும் வீட்டுல சத்தம் கேட்டா சாமியாடியக் கூப்பிடுவாங்க. எங்கப்பா மெஷினக் கூப்பிட்டிருக்காரு லா," என்றாள். சிரிக்கவில்லை. குவளையை எடுத்துக்கொண்டாள்.

"எத்தனை தட்டுன்னு சொல்ல மாட்டேன். பத்துக்குள்ள."

"இடது கையால தட்டு. அம்மா மாதிரி மெதுவா."

எத்தனை என்பதை அவள் ஒரு காகிதத்தில் எழுதி, மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சுவர் இவ்வளவு நனைந்து தான் பார்த்ததில்லை என்றாள் அந்தப் பெண். தகரக் கூரையில் மழை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் மூடியது போல இந்த முறை கண்ணை மூடவில்லை.

சத்தம் வந்தது. கனத்த தலையணைக்குள் யாரோ குத்துவது போல. சின்னச் சத்தம்தான். ஆனால் வந்தது. மறுபடி வந்தது. எண்ணினேன்.

மகள் வெளியே வந்தாள். குவளை விளிம்பில் ஈர மண்.

"கேட்டுச்சாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதற்குத்தான் காத்திருந்தது போல இருந்தது. நான் எண்ணியதைச் சொன்னேன். அந்தப் பெண் காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். அதிலும் அதுவே.

ஏழு.