எங்க சைட் ஓகே

நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் போனை எடுத்ததும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "எங்க சைட் ஓகே லா." எங்கள் பக்கம் கோளாறில்லை என்று பார்க்காமலே சொல்லலாம். நானும் சொன்னேன்.

ஒரு மளிகை நிறுவனத்தின் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தையும் கிள்ளான் கிடங்கையும் எங்கள் நிறுவனத்தின் இரண்டு லைன்களால் இணைத்திருந்தேன்; ஒன்று ஓடும்போது மற்றது மூடியிருக்க வேண்டும். அதற்காக, கணினிகளை இணைக்கும் அவர்களுடைய சுவிட்ச் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் செய்திகளை எங்கள் சுவிட்சுகள் தொடாமல் மறுமுனைக்குக் கடத்த வேண்டும். கடத்தாவிட்டால் இரண்டு லைன்களும் ஒரே நேரத்தில் திறந்து, தகவல் சுற்றிச் சுற்றி வந்து எல்லாம் முடங்கிவிடும். அதுதான் நடந்தது.

அங்கே கணினிகளைக் கவனிக்கும் கவிதா அழைத்தார். "அண்ணே, லைன்ல ஏதாச்சும் பிரச்சினையா?"

"எங்க சைட் ஓகே. உங்க கிள்ளான் சுவிட்ச மாத்திப் பாருங்க."

அவர் வேறொரு சுவிட்சை மடியில் வைத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கிளம்பினார். அதன் பிறகுதான் எங்கள் சுவிட்சுகளின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். அந்தச் செய்திகளைக் கடத்தச் சொல்லி பிரிக்பீல்ட்ஸ் முனையில் எழுதிய கட்டளையைக் கிள்ளான் முனையில் நான் எழுதவே இல்லை.

உடனே எழுதியிருக்கலாம். "மாத்துறேண்ணே" என்று அவர் செய்தி அனுப்பும்வரை காத்திருந்து எழுதினேன்.

சற்று நேரத்தில் அழைத்தார். "வந்துருச்சுண்ணே! எங்க சுவிட்ச்தான் போச்சு போல. வீணா உங்கள சந்தேகப்பட்டுட்டேன், சாரிண்ணே."

"பரவால்ல லா," என்றேன், மன்னிக்கிறவன் குரலில்.

கட்டளையை மறப்பது யாருக்கும் நேரும். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் இன்னும் தெரியவில்லை.