அம்மைக்கு டிஸ்சார்ஜ்

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்த இங்கிலீஷ் சொல் ‘டிஸ்சார்ஜ்’. சித்தப்பாதான் அதை மலையிலிருந்து கொண்டுவந்தார். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், துரையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டதால் அன்றே டிஸ்சார்ஜ் ஆகி, தகரப்பெட்டியோடு தக்கலையில் வந்து இறங்கினார். அதன்பிறகு அவர் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் அப்பா அந்தச் சொல்லை எப்படியாவது பேச்சில் இழுத்துவிடுவார். அது ஏதோ வசை என்றே நான் நம்பியிருந்தேன்.

அந்த ஆண்டு அம்மைக்கு வயிறு வீங்கியது. வைத்தியரின் கஷாயம் கேட்கவில்லை. வில்வண்டியில் கொண்டுபோய் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்கு அத்தை, அவள் சேலையைப் பிடித்தபடி நான். ஒருநாள் காலை வெள்ளைக்கார டாக்டர் சித்தப்பாவிடம் இங்கிலீஷில் நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான்.

அம்மையின் காதருகே போய்க் கேட்டேன். “எம்மா, நீ டாக்டர எதுத்துப் பேசினியா?”

“ஏன் மக்கா?”

“ஒனக்கு டிஸ்சார்ஜாம்.”

அம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த கடற்கரைக்காரிதான் விளக்கினாள். “ஏட்டி, இங்க அதுக்கு அர்த்தம் வேற. தீனம் மாறியாச்சி, வீட்டுக்குப் போலாம்னு அர்த்தம். எனக்கு எப்பம் சொல்லுவாவளோ.”

வண்டி ஊருக்குள் நுழைந்ததும், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் “அம்மைக்கு டிஸ்சார்ஜ்” என்று கூவிக்கொண்டே வந்தேன். வண்டியில் ஏறாமல் பின்னால் நடந்துவந்த சித்தப்பா என்னைத் தடுக்கவில்லை.

கட்டி முற்றிவிட்டது, கத்தி வைக்க முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டதைத் தின்னக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதைச் சித்தப்பா என்னிடம் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. கைவிட்டு அனுப்புவதற்கும் அதே சொல்தானாம். ஆனியில் வீடு வந்த அம்மை, ஆவணி பிறக்கும்வரைகூட இருக்கவில்லை.

வீடு வந்த மறுநாள் அவள் கேட்டது மாங்காய் போட்ட நெய்மீன் கறி. மாதக்கணக்காகப் பத்தியக் கஞ்சி குடித்தவள். மலிவான சாளைமீனுக்கே பேரம் பேசுகிற அப்பா, விடியுமுன் மணவாளக்குறிச்சிக்கு நடந்துபோய் ஒரு முழுமீனை வாங்கி வந்தார். அத்தை தேங்காய் அரைத்துக் கறி வைத்தாள். அம்மை இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். வேறு யாரும் அதைத் தொடவில்லை. எனக்காகத்தான் மிச்சம் வைக்கிறார்கள் என்று எண்ணி, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு முள்வரை வழித்துத் தின்றேன்.