குண்டுவுக்கு முடி வெட்டியது யார்?

எங்கள் தெருக்கோடிச் சலூன்காரர் கத்தரியை எடுத்தால் காற்றுக்கே வகிடு விழும் என்பார்கள். விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவருடைய சொந்தத் தலை மட்டும் கண்ணாடி மாதிரி. சீப்புக்கு வேலையில்லை, துண்டால் துடைத்துக்கொள்வார். அதே மனிதர்தான் முடி வளர எண்ணெய் காய்ச்சிப் புட்டிகளில் அடைத்து வரிசையாக வைத்திருந்தார். அதைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்வதாக இல்லை.

கடை ஓடியது எண்ணெயால் அல்ல, குண்டுவால். குண்டு ஒரு கினிப்பன்றி. பெயரில்தான் பன்றி; பார்த்தால் வாலில்லாத எலிக்கு யாரோ கம்பளி போர்த்திவிட்டது போல இருக்கும். கத்தரியைக் கண்டதும் ஊரைக் கூட்டுகிற பிள்ளைகள்கூட, குண்டுவை மடியில் வைத்துவிட்டால் சிலையாகிவிடுவார்கள். குண்டு இல்லாவிட்டால் பாதி வரும்படி போய்விடும் என்பது அவருக்கே தெரியும்.

குண்டு தனியாகக் கிடக்கிறதே என்று சின்னதாக இன்னொன்றை வாங்கி அதே கூண்டில் விட்டார். அதற்குப் பெயர் பொடி. கொஞ்ச நாளில் குண்டுவின் முதுகில் ஒரு பொட்டளவுக்கு முடி காணாமல் போனது. அப்புறம் இடுப்போரமாக ஒரு வட்டம். அவர் தன் எண்ணெயையே காலையும் மாலையும் தேய்த்தார். முடி வரவில்லை, தோல்தான் சிவந்து தடித்தது.

"என்னங்க, உங்க எண்ணெய் நல்லா வேலை செய்யுது. இருந்ததும் போச்சு," என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. பழைய முடி போனாதான் புது முடி வரும்."

"அதைத்தானே உங்க தலையில கல்யாணமானதுலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருத்தி மகனைக் கூட்டிவந்தாள். குண்டுவைப் பார்த்ததும் மகனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்னண்ணே இது, படர்தாமரையா? பிள்ளைக்கு ஒட்டிக்காதா?"

"சேச்சே. சூடு மேடம், உடம்புச் சூடு."

"சூடு இப்படி வட்டமாவா வரும்?"

மற்ற அம்மாக்களும் அவரவர் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சாயங்காலம் அவர் தேநீர்க் கடைக்குப் போனால், படர்தாமரைச் செய்தி அவருக்கு முன்னாலேயே போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தது ஓர் ஈ மட்டும்தான். அதுவும் ஷேவிங் போதும் என்றதாம்.

வேறு வழியில்லாமல் இரண்டையும் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து விலங்கு மருத்துவரிடம் தூக்கிப்போனார். டாக்டரம்மா உறை மாட்டிக்கொண்டு குண்டுவின் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்.

"படர்தாமரை இல்ல. சிரங்குப் பூச்சியும் இல்ல. தோல் இப்படிச் சிவந்திருக்கே, என்ன தடவினீங்க?"

"எண்ணெய். என் சொந்தத் தயாரிப்பு, டாக்டரம்மா."

"முதல்ல அதை நிறுத்துங்க. இந்த முடியைப் பாருங்க, வேரோட உதிரல. நடுவுல வெட்டுப்பட்டிருக்கு. பாத்தாலே தெரியுதே. நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"கடை வச்சிருக்கேன்."

"என்ன கடை?"

"சும்மா... சின்னக் கடை."

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள் கறுக் கறுக் என்று சத்தம். திரும்ப உள்ளே விட்ட குண்டுவின் விலாவில் பொடி சாவகாசமாக முடியைக் கடித்து மென்றுகொண்டிருந்தது.

"காய்ஞ்ச புல் போடறதில்லையா?" என்றார் டாக்டரம்மா.

"கீழ கிடக்கிற முடியோட கலந்துடும்னு போடறதில்லீங்க. காரட்தான்."

"மெல்றதுக்குப் புல் இல்லன்னா பக்கத்துல இருக்கிறதோட முடியைத்தான் மெல்லும். தனித்தனியா வைங்க, புல் நிறைய போடுங்க. முடி தானா வளரும்."

"தானாவா?" என்று கேட்டார் எண்ணெய் விற்கிறவர்.

திரும்பி வந்து கடையைத் திறந்தால், டாக்டரிடம் போன செய்தி கேட்டு வாசலில் அந்த வங்கி அம்மாள், மகனோடு.

"என்ன சொன்னாங்கண்ணே?"

"நோயே இல்லையாம் மேடம். பொடிதான் குண்டுவோட முடியைக் கடிச்சு வெட்டியிருக்கு."

அவள் பொடியைப் பார்த்தாள், மேசைமேல் இருந்த கத்தரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எலி முடி வெட்டுச்சா? படர்தாமரைன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

நோய்க்கடை என்ற பேரா, கை சரியில்லை என்ற பேரா? நோய்க்கடை என்றால் பூட்ட வேண்டியதுதான். சலூன்காரர் கத்தரியைக் கையில் எடுத்தார்.

"நான்தான் மேடம் வெட்டினேன். கை தவறிடுச்சு."

அவள் முகம் மலர்ந்தது. "அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்று மகனை நாற்காலியில் ஏற்றினாள். "இவனுக்காவது பாத்து வெட்டுங்க."

மகன் தலையை ஆட்டினான். "எனக்குக் குண்டு மாதிரிதான் வேணும்."

"பள்ளிக்கூடம் லீவுதானே, வெட்டிவிடுங்கண்ணே," என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசல் வரை பிள்ளைகள். எல்லாருக்கும் குண்டு வெட்டுத்தான் வேண்டும். நேர்த்தியாகவே வெட்டிப் பழகிய கைக்குக் கோணல் எளிதில் வருமா? குண்டுவை மேசைமேல் உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டினார். தனிக் கூண்டில் இருந்த பொடி, வாயில் புல்லோடு மெல்வதை நிறுத்திவிட்டு, அவர் முடிக்கிற வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.