பாசிச் சுவருக்கு வைத்த பொட்டு

பாரிஸ் ரயில் வந்து நிற்கும் நிலையத்துக்கு எதிரே உள்ள கட்டடத்தில், காலை ஷிப்டில் துப்புரவு வேலை செய்கிறேன். கீழ்த்தளத்தில் ஒரு கம்பெனி ஆள் உயரத்துக்குப் பாசி வளர்த்து ஒரு சுவர் வைத்திருக்கிறது. நகரத்துக் காற்றை அது சுத்தமாக்குமாம். வேக ரயில் இருப்பதால், இதேபோல் சுவர் வைத்திருக்கும் பாரிஸ்காரரும் பிரசெல்ஸ்காரரும் காலையில் வந்து, சுவரைப் பார்த்து, கோப்பி குடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போய்விடுவார்கள். இதே நகரத்து ஈஸ்ட் ஹாமிலிருந்து வரும் எனக்கு இருக்கும் களைப்புகூட அவர்கள் முகத்தில் இராது.

ஒரு மாசியில் பாசி மஞ்சளானது. சுவர் செத்தால் கம்பெனி இடத்தைக் காலி செய்யும், காலை ஷிப்டும் போகும் என்றார் சூப்பர்வைசர். வேறு கட்டடம் தருவார்கள்தான். ஆனால் இங்கே உள்ளவர்களுக்குக் குட் மோர்னிங் சொல்லப் பழகவே எனக்கு மூன்று வருடம் பிடித்தது. இன்னொரு இடத்தில் முதலிலிருந்து தொடங்க என்னால் முடியாது.

என்னோடு வேலை செய்யும் அக்கா சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணூறு. நாடு விட்டு நாடு ரயிலேறி வந்தெல்லே பாக்குதுகள்! ஒரு பொட்டு வைச்சு விடு."

"அக்கா, இது பாசி."

"பாசியெண்டால் கண்ணூறு படாதோ? நீ வைக்கிறியோ, நான் வைக்கட்டோ? நான் வைச்சால் பெரிசா வைப்பன்."

பயத்தில் நானே வைத்தேன். அவருடைய கைப்பையில் இருந்த கண்மையால், சுவரைச் சுற்றியுள்ள வெள்ளைச் சட்டத்தின் இடது மூலையில்.

அதே வாரம் ஒருவர் வந்து, அடைத்திருந்த தண்ணீர்க் குழாயையும் திருத்தினார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பாசி பச்சையானது.

அடுத்து வந்த பாரிஸ் பெண்மணி முழங்காலிட்டுப் பொட்டைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். கம்பெனி எஞ்சினியருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

"புதிய ஏற்பாடு. இன்னும் சோதனையில் இருக்கிறது" என்றார்.

அந்தப் பெண்மணி அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு நாணயத்தைப் பிடித்துப் படம் எடுத்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"தரை ஈரம், கவனம்" என்றேன்.

அடுத்த மாதம் பிரசெல்ஸிலிருந்து வந்தவர்கள் போனில் தங்கள் சுவரின் படத்தைக் காட்டினார்கள். இடது மூலையில் பொட்டு. பாரிஸ் சுவரில் இருந்ததைப் பார்த்து வைத்தார்களாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று கேட்டார்கள். எஞ்சினியர் நேரே என்னிடம் வந்தார்.

"காலையில் முதலில் வருவது நீங்கள்தானே. இதை யார் வைக்கிறார்கள்?"

வேலை போனது என்றே நினைத்தேன். ஆனால் பொய் சொல்வதென்றால் நிறையப் பேச வேண்டும்.

"நான்தான்."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எந்தக் கிழமை?"

"வெள்ளி."

எழுதிக்கொண்டார்.

இப்போது விளக்குமாறு வைக்கும் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் வேலைப் பட்டியலில், கழிவறைகளுக்குக் கீழே, 'வெள்ளி: கறுப்புப் பொட்டு' என்று ஒரு வரி இருக்கிறது. ஷிப்ட் தப்பியது. அக்காவுக்குத்தான் மனக்குறை.

"கண்மை என்ர. எங்களையும் ஒருக்கா ரயில்ல பாரிசுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு. அவை சரியா வைக்கினமோ எண்டு பாக்க வேணும்."

"நீங்களே கேளுங்கோ அக்கா" என்றேன். எஞ்சினியரோடு எனக்கு இன்னும் குட் மோர்னிங் அளவுக்குத்தான் பழக்கம்.