நான் பார்க்காத குகை

எங்கள் தூத்துக்குடி உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. அதனால், விளையாட்டுகளைக் கேசட்டில் போட்டு ஏற்றும் எண்பதுகளின் என் பழைய ஹோம் கம்ப்யூட்டர் இருக்கும் அறையின் ஜன்னலை நான் திறந்ததே இல்லை. துடைத்துத் துடைத்துத் துணி போட்டு மூடிவைப்பேன். மனைவி ஜெயாவைக்கூடத் தொட விடமாட்டேன். லேப்டாப்பை அந்தக் கம்ப்யூட்டர் போலவே நடிக்கவைக்கும் எமுலேட்டரை அவளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, "அது டூப்பு" என்று கேலியும் செய்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளத்து நண்பர் ஒருவர் அதைப் பார்க்க வந்தார். பெருமையாகத் துணியை விலக்கி, கேசட்டிலிருந்து குகை விளையாட்டை ஏற்றினேன். இரண்டாவது குகையில் வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றேன்.

"இடப்பக்கம் சொவரு மாதிரிதான் தெரியும். உள்ள நடந்து போங்க" என்றாள் வாசலில் நின்றிருந்த ஜெயா.

"ஏளா, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"டூப்புல எத்தன தடவ முடிச்சிருக்கேன்! நீங்க தொடச்சி வைக்கத்தான செய்தீய, என்னைக்கு வெளையாண்டீய?"

நண்பர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. நாற்காலியை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தேன்.

"புழுங்குது" என்று ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கடற்காற்று கீபோர்டு மேல் வீசியது. சாத்தப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். திரையில் அவள் மூன்றாவது குகைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். இத்தனை வருடமாக நான் காத்துவந்த கம்ப்யூட்டருக்குள் அப்படி ஓர் இடம் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.