பொன்னிக்கு வைத்த பிளெக்ஸ்

பொன்னி செத்துப்போனதற்கு முதலில் அழுதவர் அவளுடைய அண்ணன் விருத்தாசலம்தான்.

வளவனூர்க்காரர் அவர். ஏதோ வேலையாக விழுப்புரம் வந்து டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர், காணை ரோட்டு முனையில் ஜன்னல் வழியாகத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டார். பத்தடி உயரம். கருப்பு வெள்ளை. ஒற்றை முகம். இந்தப் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கு வைக்கிற பிளெக்ஸ் கலர் கலராகக் கண்ணைப் பறிக்கும். மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக் குழந்தை என்று இருபது தலை சுற்றி நிற்கும். கருப்பு வெள்ளையில் தனியாக ஒரு முகம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் நின்று படிப்பதில்லை.

ரோஜா மாலையும் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையும் வாங்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் தலையில் அடித்துக்கொண்டே வந்து இறங்கினார். குழாயடியில் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா, யாரு பூட்டாங்க?"

விருத்தாசலம் மாலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீதாம்மா" என்றார்.

தெருவே கூடிச் சிரித்தது. பொன்னியின் புருஷன் சித்தார்த்தன், "மால வீணாப் போவ வேணாம் மச்சான், கல்யாணத்துல போட்டதுக்கு அப்புறம் இன்னொரு தரம் போட்டுட்டுப் போறேன்" என்று சொல்லி அதை வாங்கி ஆணியில் மாட்டினான். அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பொன்னி மட்டும் சிரிக்கவில்லை.

"பிளெக்ஸா? எங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

பதினைந்து வயதில் கரும்பு வெட்டப் போனவளுக்கு இப்போது முப்பத்தெட்டு. இருபத்துமூன்று சீசன். கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றி, லாரிக்குப் போட்ட பலகையில் ஆடாமல் அசையாமல் ஏறுவதில் அவளை அடிக்க காணை சுற்று வட்டாரத்தில் ஆள் கிடையாது. அதற்கு விலையாக உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி போய்விட்டது. முழங்கை வரைக்கும் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். இந்த வருஷம் கழுத்திலிருந்து இடது கை வரை மரத்துப்போக ஆரம்பித்தது. கையில் பிடித்த கத்தி எப்போது நழுவுகிறது என்றே தெரிவதில்லை.

யாரிடமும் சொல்லாமல் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கேட்டுப் போனாள். முழுக்கை ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு போனாள். அங்கே மேனேஜர் அனந்தவல்லி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"கரும்பு வெட்டப் போற ஆளாம்மா நீ?"

"இல்லீங்க மேடம். வூட்டு வேலதான்."

"வெட்டுக்குப் போறவங்கள நான் எடுக்கறதில்ல. சீசன் வந்தா காணாமப் போயிடறீங்க. போன வருஷம் ரெண்டு பேரு யூனிபார்மோடயே போயிட்டாங்க."

பொன்னி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டாள் அனந்தவல்லி.

போட்டோ விஷயம் அதற்கு முன்னால் மார்கழியில் நடந்தது. தெருவில் முதன்முதலாக டிகிரி முடித்தவன் சேரன். கூடப் படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, 'நம்ம ஊரு நம்ம முகம்' என்று பேர் வைத்து, ஊர் ஜனங்களையே போனில் போட்டோ எடுக்கச் சொன்னான். பொன்னியோடு வெட்டுகிற ரோஜா, கட்டோடு பலகை ஏறுகிற பொன்னியை எடுத்தாள். முந்நூறு போட்டோவில் அதற்குத்தான் முதலிடம்; அதையே பிளெக்ஸ் அடித்தார்கள். பேர் போட வேண்டாம், எல்லாருக்கும் பொதுவான முகமாக இருக்கட்டும் என்று சேரன் முடிவு செய்தான். கருப்பு வெள்ளைதான் அழகு என்றதும் அவன்தான்.

அண்ணன் மாலையோடு வந்த அன்றைக்குச் சாயங்காலமே பொன்னி சேரன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, அத எடுத்துடேன்."

"எடுக்கறதா? பத்து எடத்துல வெச்சாச்சுக்கா. திண்டிவனம் வரைக்கும்."

"திண்டிவனத்துல எங்க?"

"மெயின் ரோட்லதான். ஒரு ஆஸ்பத்திரி எதுத்தாப்புல. சூப்பர் எடம்."

பொன்னி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். "நல்ல புடவ கட்டிக்கினு வர்றேன். வேற ஒண்ணு எடுத்து வெய்யி. கட்டு இல்லாம" என்றாள்.

"அது உண்மையா இருக்காதுக்கா. இந்தக் கட்டுதான் நம்ம பெரும." சேரன் ரோட்டு முனைப் பக்கம் கையைக் காட்டினான். "அந்த முனையில எத்தினி வருசமா யார் யாரோ மூஞ்சி ஏறுது. நம்ம தெருவுலேர்ந்து ஒண்ணு ஏறியிருக்கா? நான் டிகிரி வாங்கனப்பகூட இத்தினி பேரு கை கொடுக்கல."

பக்கத்தில் ரோஜா, போட்டோ எடுத்தவள் என்கிற மிதப்பில் நின்றுகொண்டிருந்தாள். பொன்னி தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள். பிளெக்ஸை எடுக்கச் சொன்னதை மட்டும் புருஷனிடம் சொன்னாள்.

"ஊரே உன்னால தல நிமிந்து நடக்குது. நீ இன்னாடான்னா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்கியே" என்றான் சித்தார்த்தன்.

திங்கட்கிழமை காலை, தலையைக் குனிந்தபடியே திண்டிவனத்தில் ரோட்டைத் தாண்டினாள். வாளியும் யூனிபார்மும் கொடுத்தார்கள். அரைக்கை. போட்டுக்கொண்டு அனந்தவல்லியின் அறைக்குப் போனாள். ஜன்னலுக்கு நேர் எதிரே, இரண்டு சவுக்குக் கழிக்கு நடுவில் அவளே கரும்புக் கட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

அனந்தவல்லி ஜன்னலைப் பார்த்தாள். பொன்னியைப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள்.

"அந்தப் பொம்பள உன் ஜாடையாவே இருக்காங்களே."

வாளியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடினால் மறுபடியும் பலகைதான். வீட்டில் ஆணியில் தொங்குகிற மாலை கண்முன் வந்தது.

"எங்க அக்கா மேடம்."

"வெட்டுக்குப் போறாங்களா?"

"போய்க்கினு இருந்தாங்க. நானும் சின்ன வயசுல கூடப் போயிருக்கேன். இப்ப அவங்க இல்ல."

"இல்லன்னா?"

"செத்துட்டாங்க."

அனந்தவல்லி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "அதான் கருப்பு வெள்ளையில வெச்சிருக்காங்களா. ரெண்டு மூணு நாளா பாக்கறேன், தோணவே இல்ல பாரு." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா போன துக்கத்தோட மொத நாள் வேலைக்கு வந்திருக்க. வெறும் படமா நிக்குதே. வா, ஒரு மால போட்டுட்டு வரலாம்."

கேட்டருகே பூ விற்பவளிடம் மாலை வாங்கினாள். வாட்ச்மேன் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். பொன்னி ஏறினாள். ஸ்டூல் ஆடியது, அவள் ஆடவில்லை. இடது கையில் மாலை இருப்பதே தெரியவில்லை. கழியில் சுற்றி, கரும்புக் கட்டுக்குக் கீழே, தன் கழுத்துக்கு நேராகத் தொங்கவிட்டாள். பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, படத்தில் அவள் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த அடியைப் பலகையில் எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கீழே பூக்காரி உச்சுக்கொட்டினாள். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போனார்.

இறங்கும்போது போன் அடித்தது. சேரன்.

"அக்கா, ஞாயித்துக்கெழம நம்ம போட்டோ விழா. திண்டிவனத்துலயேதான். உங்களுக்குத்தான் பொன்னாட. கரும்புக் கட்டோட மேடையேறணும். ஊர்லேர்ந்து ரெண்டு வேன் வருது. வந்துடுவீங்கல்ல?"

"வேல இருக்குது தம்பி. லீவு தரமாட்டாங்க" என்று மெல்லச் சொல்லி வைத்துவிட்டாள்.

"யாரும்மா?" என்றாள் அனந்தவல்லி.

"ஊர்லேர்ந்து மேடம். அக்கா விசயமா."

"காரியமா? என்னைக்கு?"

"ஞாயித்துக்கெழம."

"அதுக்குப் போகாம எப்படி? போயிட்டு வா. நான் லீவு தர்றேன்" என்று அனந்தவல்லி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.