ஆர்ச்சில் எழுதாத வசனம்

தேவர்சோலையிலிருந்து மேலே ஏறும் எஸ்டேட் ரோட்டில் நான் கட்டாத கட்டடம் எது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். தேயிலை ஃபேக்டரியின் மேல்மாடி நான் கட்டியது. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நான் கட்டியது. மழைக்கு ரோடு சரியாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற கருங்கல் தடுப்புச் சுவர்களில் முக்கால்வாசி என் கைப்பட்டவை. படித்தது மூன்றாம் வகுப்பு. கண்டித் தோட்டத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு கப்பலேறி வந்த கூலிக்காரரின் மகன். சித்தாளாகக் கலவை சுமந்தேன், பூச்சுக் கரணை பிடித்தேன், மேஸ்திரியானேன். பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர்கள் அஸ்திவாரம் எங்கே தோண்டலாம் என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வரைபடத்தை விரித்தார்கள். இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. சதுப்பு, நிற்காது, சரியும் என்று எல்லோரும் ஒதுக்கிய சரிவில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு ஒரு கோயில் கட்டினேன். ஒரு பெருமழையில் கீழே ரோடே பெயர்ந்து ஆற்றோடு போனது. கோயில் சுவரில் ஒரு கீறல் விழவில்லை. போய்ப் பார்க்கலாம்.

போய்ப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கேட்பார்கள். ஆல்டர் என்கிற பலிபீடத்துக்கு மேலே பெரிய ஆர்ச் ஒன்று இருக்கிறது. எல்லாக் கோயிலிலும் அந்த இடத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வசனம் இருக்கும். எங்கள் கோயிலில் இல்லை. வெறும் வெள்ளைப் பூச்சு. அந்தப் பூச்சு வேறு ஆளிடம் விடாமல் சாரத்தில் மல்லாந்து படுத்து நானே பூசியது. இன்றைக்கும் மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் நூல் பிசகியிருக்காது. அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்றால் உபதேசியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபை சிறியது. போதகர் பல சபைகளுக்குப் பொறுப்பானவர், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஆராதனை நடத்துவதும், நோயாளிக்கு ஜெபம் பண்ணுவதும், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துச் சண்டையை விலக்குவதும் உபதேசியார்தான். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், எந்நேரமும் தைல எண்ணெய் வாசம் அடிக்கும். கல்யாணம் கிடையாது. கோயில் கட்டும்போது கல் சுமக்கிறேன் என்று தினமும் வந்து நிற்பார். ஒரு கல்லைத் தூக்கிவிட்டு மூன்று பேரோடு பேசுவார். "உபதேசியாரே, நீங்க ஜெபம் பண்ணுங்க, கல்லை நாங்க பாத்துக்கறோம்" என்பேன். "ஏனுங்க மேஸ்திரி, ஜெபமும் எனக்கு அவ்வளவு சுருக்கா வர்றதில்லீங்க" என்பார்.

கோயிலுக்குப் பின்னால் மண் மேட்டைத் தாங்கத் தடுப்புச் சுவர் எழுப்பினோம். சுவரின் அடியில் வரிசையாக ஓட்டை விட்டிருந்தேன். அது எதற்கு என்று கேட்டார். மலைக்குள்ளே தண்ணீர் தேங்கினால் சுவரை முட்டித் தள்ளிவிடும், வழி விட்டால் தள்ளாது என்றேன். கையோடு எனக்குத் தெரிந்த வேதத்தையும் சொன்னேன். தேவனுடைய கோபம் இந்த மலை மாதிரி. நாம் செய்த பாவமெல்லாம் அதற்குள் ஊறிப்போய்க் கிடக்கிறது. ஒரு நாள் சரிந்தே தீரும். நடுவில் சுவராக நின்றவர் இயேசு. பாரம் முழுக்க அவர் முதுகில் இறங்கியது, கீழே இருக்கிற நம் வீடு தப்பியது. இதில் உனக்கென்ன எனக்கென்ன, கணக்கு தீர வேண்டும், ஒருவர் தீர்த்தார். நான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். பெரிய போதகர்களே இந்தச் சுவர் உதாரணத்தை என்னிடம் வாங்கிப் பிரசங்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

உபதேசியார் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். "மலைக்கு நம்ம மேல கோவமுன்னு யாருங்க சொன்னது? மழை பேஞ்சா ஊறுது, ஊறுனா சரியுது. சாமியும் அப்படித்தானுங்களா?"

"பாவத்தைப் பாத்துக் கோவப்படாத சாமி என்ன சாமிங்க?"

"அது சரி. இந்தச் சுவரைக் கட்டுனது யாரு? மலையா?"

"மலையும் அவரு, சுவரும் அவரு. அதனாலதான் சாமி."

"அப்ப ஒரு கையால தள்ளி, ஒரு கையால தாங்கறாருங்களா?"

"ஆமாங்க. மகனை அடிச்சுப்போட்டு அப்புறம் தனியா உக்காந்து அழுகிற அப்பனை நீங்க பாத்ததில்லையா?"

வேலையாட்களெல்லாம் சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்தார். "நான் கல்யாணமே பண்ணலீங்களே மேஸ்திரி, என்னைப் போய்க் கேட்டா" என்றார். அன்றைக்கு ஜெயித்தவன் நான்.

ஆனால் ஆர்ச்சில் அவர் விடவில்லை. இரத்தம் சிந்தாமல் மன்னிப்பில்லை என்ற கருத்துள்ள வசனத்தைச் சிவப்பில் எழுத வேண்டும் என்பது என் விருப்பம். தேவன் என்றால் அன்பு, அதை நீல நிறத்தில் எழுதினால் போதும் என்பது அவர் விருப்பம். இரண்டும் வேதத்தில் இருக்கிறதுதான். ஆனால் மேலே எதைப் போடுகிறோமோ அதுதான் கோயிலின் முகம். கமிட்டி கூடியது, பாதிப் பேர் சிவப்பு, பாதிப் பேர் நீலம். கூடலூரிலிருந்து வந்த பெயிண்டர் இரண்டு டப்பாவையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீ குடித்தான், பன் தின்றான், மறுநாளும் வந்து டீ குடித்தான். கடைசியில், "உங்க சாமிக்கு என்ன கலர்னு முடிவு பண்ணிட்டு ஆள் விடுங்க" என்று பஸ் ஏறிவிட்டான். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்றார்கள். அந்த இப்போதைக்கு இன்னும் முடியவில்லை.

நான் கோபக்காரச் சாமியை நம்பியதற்குக் காரணம் உண்டு. எனக்கு இந்த உலகத்தில் யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி மட்டக்கட்டையால் முட்டியில் அடித்துத்தான் கற்றுக்கொடுத்தார். கலவையில் சிமெண்டைக் குறைத்தவன் கட்டிய வீடு மழையில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தப்புக்குத் தண்டனை இல்லையென்றால் ஒழுங்காகக் கட்டியவனுக்கு என்ன மரியாதை? சும்மா மன்னிக்கிற சாமி என்றால், ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்து அவருக்கு வீடு கட்டியவனும் சாராயக் கடையில் கிடந்தவனும் ஒன்றா? இதைக் கேட்டால் உபதேசியார் மெதுவாக, "ஒண்ணுதானுங்க" என்பார். அதைக் கேட்டால் எனக்கு ஆகாது.

என் மகன் கரணையைத் தொடவில்லை. ஜீப் ஓட்டினான். ஊட்டிக்கு வருகிறவர்களைப் பைக்காராவுக்கு ஏற்றிக்கொண்டு போய்ப் படகுத்துறையில் இறக்கி, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது. நன்றாக ஓட்டுவான். குடி சேர்ந்தது. கோயிலுக்கு வருவதை நிறுத்தினான். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புறப்படும்போது வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். வரவில்லையா என்றேன். "அந்தக் கோவம் புடிச்ச சாமி உங்களுக்கே இருக்கட்டும்ப்பா. ஊட்டுல ஒண்ணு இருக்கறது பத்தாதா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பக்கெட்டிலிருந்து தண்ணீரை அள்ளிச் சக்கரத்தில் அடித்தான். அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

இரண்டு மழைக்கு முன்பு, பட்டப்பகலில், பனி மூடிய ஒரு திருப்பத்தில் ஜீப் பள்ளத்தில் போனது. நல்ல வேளையாகச் சவாரி யாரும் இல்லை, அவன் மட்டும்தான். குடித்திருந்தான். அந்தத் திருப்பத்தில் தடுப்புச் சுவர் இல்லை. அந்த வேலை எனக்கு வரவில்லை. எனக்கு வந்திருந்தால் அங்கே சுவர் இருந்திருக்கும்.

அடக்கத்துக்குப் போதகர் வந்திருந்தார். இப்போதும் அவர்தான் போதகர், இளைஞர், நன்றாகப் படித்தவர். பெட்டியை வைத்துக்கொண்டு வாலிபர்களைப் பார்த்துப் பிரசங்கம் பண்ணினார். வரப்போகிற கோபத்தைச் சொன்னார். இயேசுவின் இரத்தத்துக்குள் ஒதுங்காதவன் மேல் அது நிலைத்திருக்கும் என்றார். நாளைக்கு என்று தள்ளிப்போட்டவனுக்கு நாளை வரவில்லையே என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தைகூட நான் சொல்லாத வார்த்தை இல்லை. நடுவில் என்னுடைய சுவர் உதாரணத்தையும் சொன்னார். சுவருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டவனைச் சுவர் எப்படிக் காப்பாற்றும் என்று கேட்டார். முன் பெஞ்சில் உட்கார்ந்து நான் ஆர்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் கடைசி ஜெபம் உபதேசியாருடையது. அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. மழையில் நனைந்த பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து, "சாமி, இவன் மேல உங்களுக்குக் கோவமில்லைன்னு எனக்குத் தெரியும். இங்க நிக்கிறவங்களுக்கும் தெரியட்டும்" என்று மட்டும் சொன்னார். பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. அடுத்த வாரமே யாரோ மேலே புகார் எழுதினார்கள். பிரசங்க பீடத்தில் ஏற வேண்டாம் என்று அவருக்கு உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளுக்குப் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அவர் அறைக்குப் போனேன். ஸ்டவ்வில் பால் விடாத கட்டன் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. நேராகக் கேட்டேன்: "அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு ஆறுதலுக்குச் சொன்னதா, நெஜமா? பொய்யின்னா பொய்யின்னே சொல்லிடுங்க. தாங்கிக்குவேன்."

அவர் டம்ளரை என் கையில் கொடுத்தார். "மேஸ்திரி, உங்க பையன் டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சப்பவே அதைத்தானுங்க சொன்னேன். ஆர்ச்சுல எழுதச் சொன்னதும் அதுதானுங்க. இப்பப் புதுசா என்ன சொல்லிட்டேன்?"

உண்மைதான். அவர் பேச்சு என் மகனுக்காக வளைந்த பேச்சு இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வாயில் வேறு கேள்வி வந்தது. "அப்படின்னா நான் கட்டுனதெல்லாம் என்னாச்சுங்க?" என்றேன்.

அவர் ஸ்டவ்வை அணைத்தார். "அது நல்ல கட்டடமுங்க" என்றார்.

அடித்த அப்பனைப் பற்றி நான் சொன்ன பழைய பேச்சை அவர் அன்று திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன மழையில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். என் மகனுக்கு அடுத்த குழியில்தான் கிடக்கிறார். குழியைச் சுற்றிக் கல் கட்டு நானே கட்டினேன். மட்டம் பிசகவில்லை.

அவர் சொன்னதை நம்பிப் பார்க்கிறேன். வருவதில்லை. அறுபது வருடம் ஒரு பக்கமாகப் பாரம் ஏறிய சுவரை மறு பக்கம் சாய்க்க முடியாது. காலையில் எழுந்ததும் மகனுக்காக ஜெபம் பண்ண வாயைத் திறந்தால், நான் கும்பிட்ட சாமி நான் சொல்லிக்கொடுத்த முகத்தோடுதான் எதிரே நிற்கிறார். உபதேசியாருடைய சாமியைக் கூப்பிட எனக்குப் பேர் தெரியவில்லை. அவர் சொன்னது நிஜமென்றால் என் பிள்ளை தப்பினான், என் உழைப்பு வெறும் கல்லும் கலவையும். போதகர் சொன்னது நிஜமென்றால் என் உழைப்பும் உதவாது, பிள்ளையும் இல்லை. எந்தப் பக்கம் நின்றாலும் காலுக்கு அடியில் மண் நழுவுகிறது. மண்ணைப் பார்த்தே இது நிற்கும், இது நிற்காது என்று சொல்லத் தெரிந்தவன் நான்.

போன ஞாயிறு போதகர் என்னைக் கைத்தாங்கலாக ஆல்டர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கோயில் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை வருகிறது, பெயிண்டருக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். "ஐயா, அந்தக் காலத்துல நீங்க கேட்ட வசனத்தையே சிவப்புல எழுதிடலாம். உங்களுக்குச் செய்யற மரியாதை. கீழே சின்னதா உங்க பேரையும் போட்டுடறோம்." வாழ்நாளெல்லாம் நான் ஆசைப்பட்டது. அஸ்திவாரக் கல்லில் எஸ்டேட் துரை பேர் இருக்கிறது, அந்நாள் போதகர் பேர் இருக்கிறது, கட்டியவன் பேர் மட்டும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். என் கை பூசிய வெள்ளை. அதில் சிவப்பில் அந்த எழுத்து ஏறினால், ஒவ்வொரு ஞாயிறும் என் மகனுக்கு எழுதிய தீர்ப்பாக அதை நானே எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும்.

அவரிடம் ஒன்று கேட்டேன். ஒருத்தர் பட்ட பாடு இன்னொருத்தர் கணக்கில் சேரும் என்றுதானே பிரசங்கம் பண்ணுகிறீர்கள், அப்படியானால் நான் பட்டது என் மகன் கணக்கில் சேருமா என்று. பாவம், நல்ல பிள்ளை, கண் கலங்கிவிட்டது. "அது முடியாதுங்கய்யா. மனுஷனுக்கு மனுஷன் ஈடாக முடியாது" என்றார். எனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

இருந்தாலும் கேட்கிறேன். சபையிடம் இல்லை, கமிட்டியிடம் இல்லை, இந்த வீட்டில் குடியிருப்பவரிடம் கேட்கிறேன். நிற்காது என்று எல்லோரும் சொன்ன சரிவில் உமக்கு நான் வீடு கட்டினேன். உம்முடைய பெருமழைக்கு அது அசையவில்லை. அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு, இல்லை என்று நீர் சொல்ல முடியாது. என் பேர் எந்தக் கல்லிலும் வேண்டாம். அந்தப் பங்கை எடுத்து அவன் பேரில் வையும். வைத்தேன் என்று ஒரு வார்த்தை எனக்குத் தெரிகிற வரைக்கும் அந்த ஆர்ச்சில் யாரும் பிரஷ் வைக்கக் கூடாது. பூச்சு என்னுடையது.